குட்டி திடீரென்று செத்துப்போனால் செய்யக்கூடாதவை

பாளையங்கோட்டையில் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். நேற்று வரை ஓடியாடிய நாய்க்குட்டி விடிந்ததும் விறைத்துக் கிடந்தது என்று யாராவது வந்து நிற்பது அடிக்கடி நடக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும், “சரி, புதைச்சிடுங்க” என்று சொல்லி அனுப்பியவன்தான். இப்போது புதிதாக வரும் தம்பிகளும் அதையே சொல்கிறார்கள். தடுப்பூசி போடுங்கள், எலி மருந்தை எட்ட வையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

காரணம் தெரியாமல் புதைப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். தச்சநல்லூரில் ஒரு வீடு. இரண்டு மாதம்கூட ஆகாத ராஜபாளையம் குட்டி, ராத்திரி படுத்தது எழுந்திருக்கவில்லை. விடியுமுன் கொல்லையில் புதைத்துவிட்டார்கள். “புள்ள வச்ச பால்சோறுதாம் கொன்னுட்டு” என்று ஆச்சி ஒரு சொல் சொல்ல, வீட்டுச் சிறுமி அன்றிலிருந்து சோற்றையே தொடவில்லை. அவளைத் தேற்ற இன்னொரு குட்டி வாங்கினார்கள். கொஞ்ச நாளில் அதற்கு வாந்தி, ரத்தக் கழிச்சல். சோதித்ததில் பார்வோ என்ற வைரஸ் நோய்.

மிகச் சின்னக் குட்டிகளுக்குப் பார்வோ சில சமயம் இதயத்தைத் தாக்கும். கழிச்சலே இல்லாமல் சட்டென்று சாகும். முதல் குட்டியும் அப்படிப் போயிருக்கலாம். ஆனால் “உன் பால்சோறு கொல்லலை தாயி” என்று அந்தப் பிள்ளையிடம் உறுதியாகச் சொல்ல என் கையில் ஒன்றுமே இல்லை.

தோட்டத்தில் தூவிய பூச்சி மருந்து, எலிப் பாஷாணம், பாம்புக்கடி, பிறவி இதயக் கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு. பல நேரம் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பிரேதப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். இராமையன்பட்டியில் 2012-லிருந்து அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, வெளியூருக்கு அலைய வேண்டாம். உங்கள் டாக்டர் மூலம் முதலில் பேசிவிட்டுப் போங்கள். நம்மூர் வெயிலில் உடல் சில மணி நேரத்திலேயே கெட ஆரம்பிக்கும். பையில் கட்டி, சுற்றிலும் ஐஸ் வைத்துக் கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்தால் திசு சிதைந்துவிடும். வாந்தி எடுத்திருந்தால் அதையும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

“செத்தத எதுக்கு சார் கீறணும்?” என்று கேட்பவர்களின் வேதனை எனக்குப் புரிகிறது. தைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், அப்புறம் மாலை போட்டுப் புதைக்கலாம்.

சில சமயம் இதிலும் காரணம் தெரியாது. இதயத் துடிப்பு தடுமாறி நின்றிருந்தால் தடயமே இருக்காது. ஆனாலும் விஷத்தின் அடையாளம் இல்லை, அடிபட்ட காயம் இல்லை என்று தெரிந்தால், வீட்டில் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்வது பெரும்பாலும் நின்றுவிடும். இதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

உடனே இன்னொரு குட்டி

பார்வோ கிருமி வீட்டிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் கிடக்கும். ஃபினாயிலை நம்பாதீர்கள். தரையை நன்றாகக் கழுவிவிட்டு, 30 பங்கு தண்ணீரில் 1 பங்கு பிளீச் திரவம் கலந்து ஊற்றி 10 நிமிடம் ஊறவிடுங்கள். மண் தரைக்கு அதுவும் போதாது. அந்த வீட்டுக்குத் தடுப்பூசிகள் முழுதாக முடிந்த நாய்தான் வர வேண்டும்.

கடித்ததை மறைப்பது

சாகுமுன் காரணமில்லாமல் கடித்ததா, விழுங்கத் திணறியதா, குரல் மாறியதா? வெறிநோயாக இருக்கலாம். குட்டிக்கும் வரும். உடலை வெறுங்கையால் தொடாதீர்கள், டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடியோ, எச்சில் பட்ட காயமோ இருந்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போடுங்கள். பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பிள்ளைகளிடம் “ஓடிப்போச்சு” என்பது

செத்துவிட்டது என்றே சொல்லுங்கள்.

“ஒரு நாய்க்குப் போயா அழுவ?” என்று அதட்டாதீர்கள்.

அழட்டும், விடுங்கள்.

குட்டி தந்தவரிடம் சொல்லாமல் விடுவது

சண்டை போடக் கூப்பிடாதீர்கள், தகவல் சொல்லக் கூப்பிடுங்கள். கூடப் பிறந்த குட்டிகள் வேறு வேறு வீடுகளில் இருக்கும். அன்றைக்கே ஒரு போன் செய்தால் அவற்றையாவது நேரத்தோடு டாக்டரிடம் காட்டிவிடலாம்.