டைல்ஸ் ஒட்டும் முன் தண்ணீர் கட்டிப் பாருங்கள்

பாத்ரூமைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? மேஸ்திரியிடம் கூலி பேசும்போதே இதையும் எழுதி வாங்குங்கள்: வாட்டர்ப்ரூஃபிங் பூசி நன்றாகக் காய்ந்ததும், டிரெயின் வாயை அடைத்து, தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட வேண்டும். நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கீழ்வீட்டுக் கூரையில், முக்கியமாகக் குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றி, ஈரம் தட்டுகிறதா என்று பாருங்கள். "வேலை தள்ளிப்போகும் சார்" என்பார்கள். போகட்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிந்தால் பெரும்பாலும் உடைக்க வேண்டிவரும்.

அப்புறம், சுவரை வெட்டிப் பதித்த குழாய்களைப் பூசி மூடும் முன், பக்கத்தில் அளவு டேப்பை விரித்துப் பிடித்து போட்டோ எடுத்துவிடுங்கள். பின்னால் கீசர் மாட்ட டிரில் போடும்போது கைகொடுக்கும்.

பணத்தை வேலை நகர நகரக் கொடுங்கள். ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, மூலையில் தேங்காமல் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே கடைசித் தவணை.