'லோ பாப்' என்றதும் பணத்தை எடுக்காதீர்கள்: பிஎஸ்ஏ 10 எண்ணிக்கையைப் படிப்பது எப்படி

2020 தொடக்கத்தில் கூடைப்பந்து வீரர் ஸயான் வில்லியம்சனின் ரூக்கி கார்டு (முதல் சீசனில் வரும் சேகரிப்பு அட்டை) ஒன்று வாங்கினேன். 2019-20 ப்ரிஸம் செட், எண் 248, பிஎஸ்ஏ 10; அதாவது கார்டின் நிலையைப் பார்த்து கிரேடு போடும் பிஎஸ்ஏ நிறுவனம் கொடுக்கும் உச்ச கிரேடு. விற்றவர் தலைப்பிலேயே 'லோ பாப்' என்று போட்டிருந்தார், அந்தக் கிரேடில் இருப்பதே கொஞ்சம்தான் என்று அர்த்தம். நானும் சும்மா நம்பிவிடவில்லை. பிஎஸ்ஏ தளத்தில் போய் எண்ணிக்கையைப் பார்த்தேன், அன்றைக்கு அது நிஜமாகவே குறைவாகத்தான் இருந்தது. ஒன்றரை வருஷம் கழித்து அதே பக்கத்தைத் திறந்தால் ஆயிரக்கணக்கில் நிற்கிறது. இன்றைய விலை என்ன என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

அதற்கப்புறம்தான் பாப் ரிப்போர்ட்டை, அதாவது எந்தக் கார்டு எந்தக் கிரேடில் எத்தனை என்று பிஎஸ்ஏ வெளியிடும் பட்டியலை, ஒழுங்காகப் படிக்கக் கற்றுக்கொண்டேன். கிரேடிங் என்றால் என்ன, ஸ்லாப் (கிரேடு ஆன கார்டை மூடி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி) என்றால் என்ன என்பதெல்லாம் இந்தப் பதிவில் விரிவாக இல்லை. 'இந்தக் கார்டு 10-ல் இத்தனைதான் இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அதுமட்டும்தான்.

படி 1: சரியான வரியைக் கண்டுபிடியுங்கள்

ஆண்டு, செட், கார்டு எண், வகை. நான்கும் பொருந்த வேண்டும். 1999 போகிமான் பேஸ் செட் சாரிஸார்டு என்று தேடினால் முதல் பதிப்பு, ஷேடோலெஸ், அன்லிமிடெட் என்று ஒரே கார்டின் வெவ்வேறு அச்சுகளுக்குத் தனித்தனி வரிகள் வரும். ஒன்றின் எண்ணிக்கையைக் காட்டி இன்னொன்றை விற்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்லாபில் உள்ள சான்று எண்ணைப் பிஎஸ்ஏ தளத்தில் போட்டால் எந்த வரி என்று அதுவே சொல்லிவிடும். அவ்வளவுதான், அடுத்ததுக்குப் போவோம்.

படி 2: ஓர் எண் போதாது, மூன்று எண் எடுங்கள்

மொத்தம் எத்தனை கிரேடு ஆகியிருக்கிறது, அதில் 10 எத்தனை, 9 எத்தனை. ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான்கு பெரிய கிரேடிங் நிறுவனங்களின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்க ஜெம்ரேட் தளம் எனக்குப் பிடித்தது. பிஎஸ்ஏவில் 10 குறைவு என்று மகிழ்ந்துகொண்டிருப்போம், பாதிப் பேர் பெக்கெட்டுக்கோ சிஜிசிக்கோ அனுப்பியிருப்பார்கள்.

இப்போது மூன்று கார்டுகளை வைத்துப் பார்ப்போம் (டாப்ஸ், ஃப்ளீர், அப்பர் டெக் மூன்றும் கார்டு அச்சிட்ட நிறுவனங்கள்; மேன்டிலும் கிரிஃபியும் பேஸ்பால் வீரர்கள், ஜோர்டான் கூடைப்பந்து). 1952 டாப்ஸ் மிக்கி மேன்டில், எண் 311: பிஎஸ்ஏ 10 உலகத்திலேயே மூன்றுதான். 1986 ஃப்ளீர் மைக்கேல் ஜோர்டான், எண் 57: கிரேடு ஆனது இருபதாயிரத்துக்கு மேல், அதில் 10 வாங்கியது முன்னூற்றுச் சொச்சம். 1989 அப்பர் டெக் கென் கிரிஃபி ஜூனியர், எண் 1: பிஎஸ்ஏ 10 நான்காயிரத்துக்கு மேல்.

கிரிஃபிதான் புதியவர்களை ஏமாற்றும் கார்டு. விகிதம் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு நாலைந்துதான் 10 ஆகிறது. அச்சுத் தாளின் மூலையில் இருந்த கார்டு என்பதால் முனைகள் எளிதில் அடிபட்டுவிடும். ஆகவே 10 வாங்குவது கஷ்டம், உண்மை. ஆனால் அந்தக் காலத்தில் அமெரிக்காவில் கார்டுகளை மூட்டை மூட்டையாக அச்சடித்தார்கள், ஜங்க் வேக்ஸ் காலம் என்றே அதற்குப் பெயர். கஷ்டப்பட்டு வந்த 10-களே நாலாயிரத்தைத் தாண்டுகின்றன. ஜெயிக்கக் கடினமான கார்டு வேறு, கிடைக்க அரிதான கார்டு வேறு. விகிதத்தைக் காட்டி 'அரிது' என்று விற்பவரிடம் எண்ணிக்கையைக் கேளுங்கள், எண்ணிக்கையைக் காட்டி விற்பவரிடம் விகிதத்தைக் கேளுங்கள்.

படி 3: அனுப்பியவர் எதற்கு அனுப்பினார்?

மேன்டில் கார்டு மூலை மடிந்து, நடுவில் கோடு விழுந்து, கிரேடு 1 வாங்கும் நிலையில் இருந்தாலும் ஆயிரக்கணக்கான டாலர் போகும். அதனால் எந்த நிலையில் இருந்தாலும் அனுப்புவார்கள், குறைந்தபட்சம் அசல் என்ற சான்றாவது கிடைக்குமே. புதிய ப்ரிஸம் கார்டை யார் அப்படி அனுப்புகிறார்கள்? 10 வரும் என்று தோன்றுவதை மட்டும் பொறுக்கி எடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்து, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து அனுப்புகிறோம். அனுப்பியதில் பாதிக்குப் பக்கம் 10 வருவது பளபளப்பான புதிய குரோம் வகைக் கார்டுகளில் சாதாரணம். ஆகவே பழையதன் விகிதத்தையும் புதியதன் விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவது, நேர்ந்தெடுத்த மாம்பழக் கூடையையும் மரத்தடியில் பொறுக்கிய மாம்பழத்தையும் ஒப்பிடுவது மாதிரி. ஒரே காலத்துக் கார்டுகளுக்குள் ஒப்பிடுங்கள்.

படி 4: கார்டு வெளியாகி எத்தனை மாதம் ஆகிறது?

நான் விழுந்த குழி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பாப் ரிப்போர்ட் என்பது உலகத்தில் எத்தனை கார்டு இருக்கிறது என்ற கணக்கு இல்லை. இதுவரை எத்தனை பேர் தபாலில் அனுப்பி, அதில் எத்தனை வரிசையைத் தாண்டி முடிந்திருக்கிறது என்ற கணக்கு. புதிய செட் வெளியான முதல் சில மாதங்களில் எல்லாக் கார்டும் லோ பாப்தான்! ஸயான் கார்டுகள் ஆயிரக்கணக்கில் பலரது மேஜை டிராயரில் ஸ்லீவுக்குள் பத்திரமாக இருந்தன, இன்னும் ஸ்லாபுக்குள் போகவில்லை, அவ்வளவுதான் விஷயம். 2021 மார்ச் கடைசியில் பிஎஸ்ஏ தன் பெரும்பாலான சேவைகளை நிறுத்தியதே குவிந்துகிடந்த கார்டுகளைக் கரைக்க முடியாமல்தான். நான் 'லோ பாப்' என்று நினைத்தது அந்த வரிசையின் முதல் சில அடிகளை.

என்ன செய்யலாம்? ஒரே வரியை இரண்டு மாத இடைவெளியில் மூன்று முறை குறித்து வையுங்கள். எண் நிற்கிறதா, ஏறுகிறதா? பழைய கார்டில் வருஷம் முழுக்கப் பார்த்தாலும் 10 வரிசை அசைந்தால் அதிசயம். புதிய கார்டில் ஏறும் வேகம்தான் உங்களுக்கு வேண்டிய தகவல். எண்ணிக்கை ஏறி முடியும்வரை நான் இப்போது புதிய கார்டில் 10 வாங்குவதே இல்லை, ஆசையாக இருந்தால் ஸ்லாப் இல்லாத கார்டு வாங்கிக்கொள்கிறேன்.

வரிசை எண் அச்சிட்ட கார்டுகள் தனி ரகம். 25/99 என்று இருந்தால் (மொத்தம் அச்சிட்ட 99-ல் இது 25-ஆவது) 99-க்கு மேல் எந்தக் கிரேடிலும் வராது. ஆனால் '99-ல் பிஎஸ்ஏ 10 மூன்றுதான்' என்றால் மீதி 96-ம் மோசம் என்று அர்த்தமில்லை, பல ஸ்லாபே பார்த்திருக்காது. அதுவுமில்லாமல் ஒரே செட்டில் ஒரே ஆட்டக்காரருக்குப் பச்சை, ஊதா, பொன்னிறம் என்று டஜன் கணக்கில் வகைகள் அச்சிடுகிறார்கள்; திட்டமிட்டுச் செய்த அரிதுக்கு நான் பெரிய மரியாதை கொடுப்பதில்லை. விதிவிலக்கு உண்டு. 'மேஜிக்: தி கேதரிங்' என்ற சீட்டு விளையாட்டில் 2023-ல் வந்த ஒற்றை மோதிரக் கார்டு ('தி ஒன் ரிங்') உலகத்தில் ஒன்றே ஒன்று. அது பிஎஸ்ஏவில் 9 தான் வாங்கியது, பாடகர் போஸ்ட் மலோன் அதைச் சுமார் 20 லட்சம் டாலருக்கு வாங்கினார். ஒன்றே ஒன்று இருக்கிற இடத்தில் கிரேடை யார் கேட்கப்போகிறார்கள்?

படி 5: பழைய கார்டில் 10 ஏன் இல்லை என்று காரணம் தேடுங்கள்

காரணம் தெரிந்தால் அந்த எண் நாளை மாறுமா மாறாதா என்று ஊகிக்கலாம். 1952-ல் பையன்கள் கார்டை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினார்கள், சைக்கிள் கம்பியில் சொருகினார்கள். பள்ளிக்கூடப் பையில் டிரம்ப் கார்டு கட்டு வைத்திருந்த யாருக்கும் முதல் கார்டும் கடைசிக் கார்டும் என்ன கதியாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மேன்டில் கார்டு இருந்த அந்த வருஷக் கடைசிச் சீரிஸ் கடைகளில் விற்கவே இல்லை. மிஞ்சியதைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக டாப்ஸில் வேலை பார்த்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார்.

கடைப் பாக்கெட்டில் இருந்து அப்போதுதான் எடுத்த கார்டும் 10 ஆகாது என்பதுதான் இதில் சுவாரஸ்யம். 1979-ல் கனடாவின் ஓ-பீ-சீ நிறுவனத்தில் கார்டுகளைக் கம்பியால் அறுத்தார்கள், ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும். ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியின் ரூக்கி கார்டு பிஎஸ்ஏ 10-ல் இரண்டே இரண்டு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதில் ஒன்று 2021-ல் 37.5 லட்சம் டாலருக்குப் போனது. இந்தக் குறை இயந்திரத்தில் வந்தது, எத்தனை பாக்கெட் புதிதாகக் கிடைத்தாலும் மாறாது.

மாறக்கூடியதும் உண்டு. 1980-களின் நடுவில் ஆலன் ரோஸன் என்ற வியாபாரிக்கு மாசச்சூசெட்ஸில் 1952 டாப்ஸ் கார்டுகள் புத்தம்புதிதாகக் கட்டோடு கிடைத்தன. 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்குப் போன மேன்டில் அந்தப் புதையலில் வந்ததுதான். அது பிஎஸ்ஏ கூட இல்லை, எஸ்ஜிசி என்ற இன்னொரு கிரேடிங் நிறுவனம் கொடுத்த 9.5.

படி 6: எண்ணிக்கையே கொஞ்சம் பொய் சொல்லும்

9 வாங்கிய கார்டை ஸ்லாபை உடைத்து எடுத்து 10 வராதா என்று மறுபடி அனுப்புவது இங்கே வழக்கம். பழைய லேபிளைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் ஒரே கார்டு இரண்டு மூன்று முறை எண்ணப்படும். விலை வித்தியாசம் பெரிதாக இருக்கும் கார்டுகளில் 9 வரிசையை நான் அப்படியே நம்புவதில்லை. கிரேடையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது: 1991-ல் பிஎஸ்ஏ முதன்முதலாக ஸ்லாபில் போட்ட, பழைய பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டுக்கு 8 கொடுத்தார்கள், அதன் ஓரத்தைத் தானே வெட்டியதாக வியாபாரி பில் மாஸ்ட்ரோ 2013-ல் ஒப்புக்கொண்டார்.

படி 7: கடைசியாக விலை

விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். 130பாயின்ட் தளம் இதற்குப் போதும், பேரம் பேசி முடிந்த தொகையையும் காட்டும். மாதச் சந்தா கட்டும் செயலிகள் தொடக்கத்தில் தேவையே இல்லை. கைபேசியில் படம் எடுத்தால் கிரேடு சொல்லும் செயலிகளை நான் இரண்டு முறை நம்பிக் கார்டு அனுப்பி இரண்டு முறையும் 8 வாங்கினேன், இனி லென்ஸும் டார்ச்சும் போதும்.

2021 ஜனவரியில் இரண்டு ஜோர்டான் பிஎஸ்ஏ 10 ஒரே ஏலத்தில் தலா 7,38,000 டாலருக்குப் போயின. ஓர் ஆண்டுக்குள் விலை பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அந்த முன்னூற்றுச் சொச்சம் அதற்குள் பெரிதாக ஏறிவிடவில்லை, வாங்குபவர் மனசுதான் இறங்கியது. இன்னொரு பக்கம், 1970-களின் பெயர் தெரியாத ஆட்டக்காரர் ஒருவரின் கார்டு 10-ல் உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கும், செட் முழுக்கச் சேர்க்கும் இரண்டு மூன்று பேரைத் தவிர யாருக்கும் வேண்டாம். அந்த இரண்டு பேரில் ஒருவர் விலகினால் விலையும் விலகிவிடும்.

என் சொந்த வழக்கம்: பழையதில் 10, 9 பக்கமே போவதில்லை. படம் நடுவில் சரியாக அமர்ந்த 5, 6 தேடுகிறேன். எட்டடி தள்ளி வைத்தால் 8 மாதிரித்தான் தெரியும்.

பின்சேர்ப்பு: '10 என்றால் எல்லா வருஷத்து 10-ம் ஒன்றா' என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இல்லை. முன்பக்கச் சென்டரிங் (படத்தின் எதிரெதிர் ஓரங்களின் அகல விகிதம்) 60/40 வரை 10 கொடுத்த காலம் இருந்தது, இப்போது பிஎஸ்ஏ 55/45 கேட்கிறது. பழைய லேபிளில் இருக்கும் 10-ஐ வாங்கும்போது ஓரங்களை அளந்து பாருங்கள்.

இன்னொருவர் ஒரு போகிமான் கார்டின் இணைப்பை அனுப்பி, 'பிஎஸ்ஏ 10 பதினொன்றுதான் இருக்கிறது, இன்றைக்கே எடுத்துவிடலாமா' என்று கேட்டார். கார்டு வெளியாகி ஆறு வாரம்தான் ஆகிறது. படி 4-ஐ இன்னொரு முறை படியுங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன்.