படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கு ஆளும் பணமும் ஏற்பாடு செய்வது எப்படி

எங்கள் வீடு நீலகிரியில் குன்னூர் பக்கம் அருவங்காட்டில், ரோட்டிலிருந்து 47 படி கீழே இருக்கிறது. 2022 அக்டோபரில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது 108 வண்டி மேலே ரோட்டில் நின்றது. பக்கத்து வீட்டுப் பையன்கள் நாலு பேர் அம்மாவைப் போர்வையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். இடுப்பு எலும்பு முறிவு. கோவையில் ஆபரேஷன் செய்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். நாலாவது மாதம் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அன்றிலிருந்து இன்றுவரை அம்மா கட்டிலில்தான் இருக்கிறார். நான் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அண்ணன் பெங்களூரில், அக்கா திருப்பூரில்.

இதே நிலைமையில் இருக்கும் மலைக் குடும்பங்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஆள் வைக்க எவ்வளவு ஆகும்?" நானும் அதைத்தான் முதலில் கேட்டேன். இப்போது யார் கேட்டாலும், பணக்கணக்கை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள், முதலில் மணிக்கணக்கை எழுதுங்கள் என்கிறேன்.

ஒரு நோட்டு வாங்குங்கள். ஏழு நாள், எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதுங்கள். எங்கள் நோட்டில் வந்தது இது. காலையும் மாலையும் துடைத்துச் சுத்தம் செய்ய ஒரு மணி நேரம். கஞ்சி, காபி சேர்த்து ஐந்து வேளை ஊட்ட இரண்டரை மணி நேரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க, ஒரு நாளைக்கு மொத்தம் இரண்டு மணி நேரம். கை கால் பயிற்சி ஒரு மணி. துணி துவைத்துக் காயவைக்க ஒன்றரை மணி. ஆகக் கைவேலை எட்டு மணி நேரம்தான். மீதி 16 மணி நேரம், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருந்தால் போதும்.

அந்தக் கணக்கு எங்கள் முடிவையே மாற்றியது. 24 மணி நேரமும் தங்கும் ஹோம் நர்ஸ் வேண்டும் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். நோட்டைப் பார்த்தபிறகு, பகலில் எட்டு முதல் ஐந்து வரை ஓர் ஆள், இரவில் நான் என்று ஆனது. உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கும். மறதி நோய் உள்ளவர் என்றால் கைவேலை குறைவாகவும், கண் எடுக்காமல் பார்க்க வேண்டிய நேரம் அதிகமாகவும் வரும். மூக்கில் ட்யூப், யூரின் ட்யூப் இருந்தால் பயிற்சி எடுத்த ஆள்தான் வேண்டும். எது வேண்டும் என்பது எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆள் கிடைப்பது மலையில் தனிப் பாடு. மலைக்குக் கீழே சமவெளியில் இருக்கும் ஓர் ஏஜென்சியில் ரிஜிஸ்ட்ரேஷன் என்று 5,000 ரூபாய் கட்டி ஒரு பெண்ணை வரவழைத்தோம். நல்ல பெண். டிசம்பர் குளிர் தாங்காமல் ஒன்பதாம் நாள் அழுதுகொண்டே ஊருக்குப் போய்விட்டாள். மாற்று ஆளும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. தவறு எங்கள் பக்கமும் இருந்தது. குளிரைப் பற்றியோ படிகளைப் பற்றியோ நாங்கள் அவளிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால் ஏஜென்சியிடம் போனால் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். ஆள் நின்றுவிட்டால் எத்தனை நாளில் மாற்று ஆள் அனுப்புவார்கள், அனுப்பாவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவார்கள், சம்பளத்தில் அந்தப் பெண்ணின் கைக்குப் போவது எவ்வளவு. கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கும் இடத்தில் ஆள் எடுக்காதீர்கள். கைக்குக் குறைவாக வாங்குபவர் நிலைத்து நிற்க மாட்டார்.

இப்போது வருபவர் எங்கள் மேல் வீட்டு அக்கா. எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர், முட்டி வலியால் நின்றுவிட்டார். உள்ளூர் ஆளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் சொந்தத் தோட்டம் உள்ள பெண்கள் வேலைக்கு வர முடியாது. ஆகவே வைக்கும்போதே அதைக் கேட்டு, அந்த மாதங்களுக்கு இன்னொருவரைப் பேசி வையுங்கள். அக்காவுக்கு நாள் சம்பளம் 650 ரூபாய், ஞாயிறு லீவு, காலையும் மதியமும் சாப்பாடு எங்கள் வீட்டில். ஞாயிறு லீவை எந்தக் காரணத்துக்கும் நான் பிடுங்குவதில்லை.

அக்காவுக்கு நான் காட்டிக் கொடுத்ததும், பிறகு அவர் எனக்குக் காட்டிக் கொடுத்ததும் இவை. புரட்டும்போது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. பக்கவாதத்தில் விழுந்த பக்கத்துத் தோள் கழன்றுவிடும். முதுகுக்குக் கீழே குறுக்கே ஒரு விரிப்பு போட்டு, விரிப்பைப் பிடித்துத்தான் திருப்ப வேண்டும். திருப்பியதும் செல்போன் லைட்டை அடித்து வால் எலும்பு, இரண்டு குதிகால், இடுப்பின் பக்க எலும்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு நொடி வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பக்கம் படுக்க வைப்பதை அப்போதே நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள். ஏர் பெட் இருந்தாலும் புரட்டுவதை விடக் கூடாது.

குளிருக்கு ஹாட் வாட்டர் பேக் வைப்போம். அதைத் துண்டில் சுற்றி, உணர்ச்சி உள்ள பக்கம் மட்டும் வையுங்கள். விழுந்த பக்கத்தில் சுடுவது அவர்களுக்கே தெரியாது, தோல் வெந்துபோகும். கதவை மூடிக்கொண்டு கரி அடுப்பு வைப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். அதிலிருந்து வரும் விஷவாயுவில் தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மழைக் காலத்தில் விரிப்பு நாலு நாளானாலும் காயாது, அதனால் எட்டு விரிப்பாவது வேண்டும்.

சரி, பணம். எங்கள் மாதக் கணக்கை அப்படியே சொல்கிறேன், 2024 தொடக்கத்தில் எழுதியது. அக்கா சம்பளம் 26 நாளுக்கு 16,900. டயப்பர் ஒரு நாளைக்கு நாலு, ஒன்று 35 ரூபாய், மாதம் 4,200. மருந்து 2,800. சோப்பு, பஞ்சு, க்ரீம், விரிப்பு எல்லாம் 1,500. மொத்தம் 25,400.

வரவு அம்மாவின் குடும்ப பென்ஷன். அப்பா இங்கே மத்திய அரசின் வெடிமருந்துத் தொழிற்சாலையான கார்டைட் ஃபேக்டரியில் 34 வருடம் வேலை பார்த்தவர். அடிப்படை 12,000. மத்திய அரசு பென்ஷனில், குடும்ப பென்ஷன் உட்பட, 80 வயது முடிந்தால் அடிப்படையில் 20 சதவீதம் கூடுதலாகத் தருகிறார்கள், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, 100 வயதில் இரட்டிப்பு. அம்மாவுக்கு 80 ஆகியும் அது வரவில்லை. தேடிப் பார்த்தால், அப்பா கொடுத்த பழைய விண்ணப்பத்தில் அம்மாவின் பிறந்த தேதி இடமே காலியாக இருந்தது. ஆதார் நகலோடு எழுதிக் கொடுத்தபின் நிலுவையோடு வந்தது. உங்கள் வீட்டு பென்ஷன் புத்தகத்தில் அந்தத் தேதி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அடிப்படையும் 20 சதவீதக் கூடுதலும் சேர்த்து 14,400, அதன்மேல் அப்போது 50 சதவீத அகவிலைப்படி, மத்திய அரசு மருத்துவத் திட்டம் இல்லாத ஊர் என்பதால் மருத்துவப்படி 1,000. ஆக 22,600. துண்டு விழுவது 2,800.

2,800-தானே என்று விடக் கூடாது. கீழே போய் வர டாக்ஸி, திடீர் அட்மிஷன், கட்டில் வாடகை என்று வந்துகொண்டே இருக்கும். பெங்களூர் அண்ணனும் திருப்பூர் அக்காவும் மாதம் தலா 4,500 போடுகிறார்கள். நான் பணம் போடுவதில்லை, இரவு என் பங்கு. இதை எழுதிக் கையெழுத்துப் போட்டு மூன்று பேரும் ஒரு நகல் வைத்திருக்கிறோம். கூடப் பிறந்தவர்களிடம் எழுதி வாங்குவதா என்று அம்மாவுக்கே முதலில் வருத்தம்தான். ஆனால் எழுதிய பிறகுதான் எங்களுக்குள் சண்டை நின்றது. இரவில் இரண்டு முறை எழுந்து புரட்டுகிறவரிடம் பணமும் கேட்பது நியாயம் இல்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அந்தப் பணம் ஒரு கூட்டுக் கணக்கில் விழுகிறது. அம்மாவின் பென்ஷன் கணக்கை என்னோடு சேர்த்துக் கூட்டுக் கணக்காக மாற்ற முடியாது என்று வங்கியில் சொன்னார்கள். அதனால் அது தனியாக, அங்கிருந்து மாதம்தோறும் கூட்டுக் கணக்குக்குத் தானாக மாறும்படி எழுதிக் கொடுத்தோம். நினைவு தெளிவாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். கையெழுத்துப் போட முடியாவிட்டாலும் கைரேகை செல்லும், கைரேகையும் முடியாவிட்டால் கால் விரல் ரேகைகூடச் செல்லும். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அலுவலர். இது ரிசர்வ் வங்கி விதி. கிளையில் தெரியாது என்றால் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து செய்யும் வசதியையும் கேளுங்கள்.

பென்ஷன் நிற்காமல் வர ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய உயிர்ச்சான்றை 80 தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். செல்போனில் முகத்தைக் காட்டி ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்ச்சான்று எடுக்கலாம், கண் சிமிட்டச் சொல்லும். அம்மாவுக்கு ஒரு கண் சரியாக மூடாது. காலை பத்து மணி வெயிலில் ஜன்னல் பக்கம் திருப்பி வைத்து, ஐந்தாவது முறைதான் எடுத்துக்கொண்டது. முடியாவிட்டால் தபால்காரர் 70 ரூபாய் கட்டணத்தில் வீட்டுக்கே வந்து செய்து தருகிறார்.

பென்ஷன் இல்லாத வீடுகள்தான் அதிகம், குறிப்பாக எஸ்டேட்டில். பி.எஃப். பென்ஷன் குறைந்தபட்சம் 1,000 ரூபாய், அரசின் முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,200 ஆனது. இவற்றால் ஆள் வைக்க முடியாது. வேலையிலிருந்து நிற்கும்போது எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டையும் விட வேண்டியிருப்பதால், கையில் வரும் கிராஜுவிட்டிதான் ஒரே பிடிமானம். அதைக் கல்யாணத்துக்கும் வண்டிக்கும் கொடுத்துவிடாமல் பெரியவர் பெயரிலேயே தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். 2023 ஏப்ரலில் வட்டியை 8.2 சதவீதமாக்கினார்கள், அந்தக் கணக்கில் 5 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை 10,250 ரூபாய் வரும்.

காப்பீட்டை நம்பி இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அது பெரிய உதவி. ஆனால் அதுவும் சரி, பெரும்பாலான தனியார் பாலிசிகளும் சரி, வீட்டில் வைக்கும் ஆளுக்கோ டயப்பருக்கோ தருவதில்லை. வீட்டுக்கு வரும் இலவச உதவி வேறு இடத்தில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை மட்டும்தான் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிசியோதெரபியும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நர்ஸும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தேன். தனியாருக்கு மாதம் 4,000 கொடுத்துக்கொண்டிருந்த பிசியோ செலவு நின்றது.

வீட்டை இப்போதே பிள்ளைகள் பெயருக்கு எழுதி வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன், உயில் போதும். எழுதியே ஆக வேண்டும் என்றால், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்துக்குள்ளேயே போடுங்கள். பார்க்காமல் விட்டால், 2007-ம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவில் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். மனுவை வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் கொடுக்க வேண்டும், குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்குக் குன்னூர் ஆர்.டி.ஓ. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14567 முதியோர் உதவி எண்.

போன வருடம் எனக்கு நிமோனியா வந்து எட்டு நாள் படுத்தேன். அப்போதுதான், நான் விழுந்தால் அம்மாவுக்கு யார் என்ற கேள்விக்கு நோட்டில் பதில் இல்லை என்று தெரிந்தது. குணமானதும் கொஞ்ச நாள் தங்க வைத்துப் பார்த்துக்கொள்ளும் முதியோர் இல்லங்களைப் பார்க்கப் போனேன். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு இருக்கிறதா, எழ முடியாதவர்களைச் சேர்ப்பார்களா, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால் கூட யார் போவார்கள், டெபாசிட் எப்போது திரும்பும் என்று கேளுங்கள். பகலில் ஒரு முறை போங்கள், இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு முறை போங்கள். முதலில் பார்த்த இல்லம் பளிச்சென்று இருந்தது. இரவில் நான் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரியவர் தண்ணீர் கேட்டார், ஆள் வர ஏழு நிமிடம் ஆனது. இரண்டாவது இல்லத்தில் சுவரில் பாசி படிந்திருந்தது. ஆனால் அங்கே கூப்பிட்ட குரலுக்கு உடனே ஒரு பெண் எழுந்து வந்து, "இதோ பாட்டி" என்று தலையைத் தாங்கிப் பிடித்து, ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தாள். அந்த இல்லத்தின் எண்ணைத்தான் அம்மா அறைக் கதவின் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறேன்.