யாங்ஷுவோல குடும்பமா ஒரு மாண்டரின் கேம்ப்: தேடுறதுலேர்ந்து திரும்பி வர்ற வரைக்கும்

பிள்ளைக்கு மாண்டரின் கத்துக் குடுக்கணும்னு நம்மள்ல நிறைய பேருக்கு ஆசை, ஆன்லைன் கிளாஸ்ல சேர்க்குறோம், ஆப் போட்டுக் குடுக்குறோம், பிள்ளையும் நூறு வரைக்கும் எண்ணுது கலர் பேரெல்லாம் சொல்லுது, ஆனா ஒரு சீனக் குழந்தை எதிர்ல வந்து பந்து வேணுமான்னு கேட்டா முழிக்குது. பந்து கேக்குறது, சண்டை போடுறது, பசிக்குதுன்னு சொல்றது இதெல்லாம் வகுப்புல வராது. அதனாலதான் அப்பா அம்மா பிள்ளைங்க எல்லாரும் சேர்ந்து போயி ஆறு, மலை, வயக்காடுன்னு இருக்குற இடத்துல தங்கி நாள் முழுக்க மாண்டரின்லயே இருக்குற கேம்ப்புங்க இருக்கு. முதல்தடவை யோசிக்கிறவங்களுக்காக ஒவ்வொரு படியா எழுதுறேன்.

நான் இங்க எடுத்துக்குறது சீனாவோட குவாங்ஷி பகுதியில இருக்குற யாங்ஷுவோ. குய்லின் நகரத்துக்குத் தெற்க சுமார் 65 கிலோமீட்டர். சுண்ணாம்புக்கல் குன்றுங்க நடுவுல லீ ஆறு போகும், அதோட கிளை யூலோங் ஆறு, அதுல மூங்கில் தெப்பம். சீனாவோட 20 யுவான் நோட்டைத் திருப்பிப் பாத்தீங்கன்னா இருக்குற படம் இந்தப் பக்கத்துல ஷிங்பிங்கிட்ட தெரியுற லீ ஆறுதான். பாறை ஏறுறவங்க உலகம் பூரா இருந்து வர்ற ஊரு, மொழிப் பள்ளிங்களும் ரொம்ப நாளா இருக்கு, அதனால வெளிநாட்டுக் குடும்பம் வந்து இறங்குறது அங்க யாருக்கும் புதுசில்ல. அமெரிக்கால இருக்குறவங்க இவ்ளோ தூரம் போகணும்னு இல்ல, மின்னசோட்டா காட்டுக்குள்ள கான்கார்டியா லாங்குவேஜ் வில்லேஜஸ்னு மொழி கேம்ப் ஒண்ணு 1961லேர்ந்து நடக்குது, அதுல சீன மொழி கிராமம் பேரு சென் லின் ஹூ. கீழ சொல்றதுல பாதிக்கு மேல அங்க போறவங்களுக்கும் பொருந்தும்.

படி 1: எப்ப போறதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

எல்லாரும் கேம்ப்பத் தேடிட்டு அப்புறம் தேதி பாக்குறாங்க, அதை மாத்திக்கோங்க. ஏன்னா சீனப் பிள்ளைங்களுக்கு பெரிய லீவு ஜூலை, ஆகஸ்ட்தான். அந்த ரெண்டு மாசம் போனாதான் கேம்ப்புல உள்ளூர்ப் பிள்ளைங்களும், பெரிய நகரங்கள்லேர்ந்து வர்ற சீனப் பிள்ளைங்களும் இருப்பாங்க. மத்த மாசத்துல அவங்கெல்லாம் ஸ்கூல்ல இருப்பாங்க, உங்க பிள்ளைக்குக் கூட விளையாட இன்னொரு வெளிநாட்டுப் பிள்ளைதான் கிடைக்கும், அப்ப ரெண்டும் இங்கிலீஷ்ல பேசிக்கும், அவ்ளோதான்.

ஆனா ஜூலை ஆகஸ்ட்ல வெயிலும் புழுக்கமும் கடுமையா இருக்கும். நம்ம ஊர்ப் பிள்ளைங்க தாங்கிக்கும்னு நான் நினைக்கிறேன், மத்தியான வெயில்ல சைக்கிள் ஓட்டாம இருந்தா போதும். தமிழ்நாட்டு கோடை லீவுல அதாவது மே மாசம் போறவங்களுக்கு ரெண்டு கஷ்டம், குய்லின் பக்கம் மே, ஜூன்தான் மழை அதிகம், ஆறு பொங்குனா தெப்பத்தை நிறுத்திடுவாங்க, உள்ளூர்ப் பிள்ளைங்களும் ஸ்கூல்ல. காலாண்டு லீவு அக்டோபர் முதல் வாரத்துல வந்துச்சுன்னா போகவே போகாதீங்க, அக்டோபர் 1 சீனாவோட தேசிய தினம், அந்த வாரம் நாடே ஊர் சுத்தக் கிளம்பும், ரூம் விலை ஏறிடும், ரோட்ல நகர முடியாது. அந்த வாரம் தாண்டி நவம்பர் வரைக்கும் வானிலை அருமை, குய்லின் முழுக்க ஒஸ்மந்தஸ் பூ வாசம் அடிக்கிற காலம் அது. கூட்டாளிங்க முக்கியமா வானிலை முக்கியமான்னு கேட்டா நான் கூட்டாளிங்க பக்கம்தான் நிப்பேன். அரையாண்டு லீவுல டிசம்பர் கடைசில போறவங்க கம்பளி எடுத்துக்கோங்க, தென் சீனால வடக்குல மாதிரி வீடு முழுக்க சூடு பண்ற ஏற்பாடு கிடையாது, வீட்டுக்குள்ளயே குளிரும்.

படி 2: கேம்ப்ப எப்படித் தேர்ந்தெடுக்குறது

விளம்பரத்துல தினமும் மூணு மணி நேரம் வகுப்பு, நாலு மணி நேரம் வகுப்புன்னு போட்டிருப்பாங்க. அதைப் பாத்து மயங்காதீங்க. இங்கிலீஷ் பேசுற பெரியவங்க மாண்டரின்ல நல்லா வேலை செய்ற அளவுக்கு வர்றதுக்கு 2200 மணி நேர வகுப்பு ஆகும்னு அமெரிக்க வெளியுறவுத் துறையோட பயிற்சி நிறுவனம் கணக்கு வச்சிருக்கு, அந்தக் கணக்குல ரெண்டு வாரத்துல முப்பது மணி நேரமோ நாப்பது மணி நேரமோ பெரிய வித்தியாசமே இல்ல. நீங்க கேக்க வேண்டிய கேள்வி வகுப்புக்கு வெளிய என் பிள்ளை யாரோட பேசும்ங்கறதுதான். என்னோட முழு அபிப்பிராயமும் இந்த ஒரு கேள்விலதான் இருக்கு.

மெயில்ல இதையெல்லாம் கேட்டு வாங்கிடுங்க. சாப்பாட்டு நேரத்துல டீச்சர் பிள்ளைங்க கூட உக்காருவாங்களா இல்ல தனியாப் போயிடுவாங்களா. தெப்பம், சைக்கிள், பழம் பறிக்கிறது, மாவு பிசைஞ்சு நம்ம கொழுக்கட்டை மாதிரி ஜியாவ்ஸ பண்றது இதுக்கெல்லாம் கூட வர்றவங்க மாண்டரின்ல பேசுவாங்களா, இல்ல அந்த நேரத்துல இங்கிலீஷ் கைடு வருவாரா. ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைங்க. அதே வாரத்துல சீனக் குடும்பங்க எத்தனை பதிவு பண்ணிருக்கு. அப்பா அம்மாவுக்குத் தனியா வகுப்பு உண்டா, இல்ல பிள்ளைய விட்டுட்டு காபிக் கடைல உக்காரணுமா. கடைசிக் கேள்விக்கு காபிக் கடைன்னு பதில் வந்தா அது குடும்ப கேம்ப் இல்ல, பிள்ளைய விட்டுட்டுப் போற கேம்ப், அது வேற.

பாதுகாப்பு பத்தியும் கூச்சப்படாம கேளுங்க, லைஃப் ஜாக்கெட் பிள்ளை சைஸ்ல இருக்கா, சைக்கிள் ஹெல்மெட் இருக்கா, தெப்பத்துல ஏற உயரம் வயசு கட்டுப்பாடு இருக்கான்னு. இன்னொண்ணு, சீனால வெளிநாட்டுக்காரங்க எங்க தங்குனாலும் 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல பதிவு ஆகணும், ஹோட்டல்னா அவங்களே செஞ்சுருவாங்க, கிராமத்து வீட்ல தங்க வைக்கிறாங்கன்னா யாரு செய்றாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க.

படி 3: விசா, பயணம், போன்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு விசா வேணும். சிங்கப்பூர்க்காரங்களுக்கு 2024 பிப்ரவரி 9லேர்ந்து 30 நாள் வரைக்கும் விசா இல்லாமப் போகலாம், மலேசியர்களுக்கும் 30 நாள் உண்டு. ஆனா இது சுற்றுலாவுக்கு, சொந்தக்காரங்களப் பாக்குறதுக்கு எல்லாம் சரி, படிப்புக்குச் செல்லாது. 180 நாளுக்கு உட்பட்ட படிப்புக்கு எக்ஸ்2ன்னு தனி விசாவே இருக்கு, அதனால உங்க கேம்ப் எந்த வகைல வருதுன்னு அவங்ககிட்ட எழுத்துல வாங்கிட்டு அப்புறம் அப்ளை பண்ணுங்க.

குவாங்ஜோ வரைக்கும் விமானம், குவாங்ஜோ சவுத் ஸ்டேஷன்லேர்ந்து யாங்ஷுவோவுக்கு ஹைஸ்பீடு ட்ரெயின் ரெண்டு ரெண்டரை மணி நேரம். யாங்ஷுவோ ஸ்டேஷன்னு பேருதான், அது இருக்குறது ஷிங்பிங் பக்கம், ஊருக்கு இன்னும் ஒரு மணி நேரம் போல கார்ல போகணும், கேம்ப்லேர்ந்து வண்டி அனுப்பச் சொல்லுங்க.

வாட்ஸ்அப், கூகுள் ரெண்டும் அங்க சாதாரண நெட்ல வேலை செய்யாது, உங்க ஊர் சிம்ல ரோமிங் போட்டா வரும். காசு குடுக்குறதுக்கான அலிபே, மெசேஜும் காசும் அனுப்புற வீசாட், இந்த ரெண்டு ஆப்பையும் வீட்லயே இறக்கி உங்க விசா கார்டு, மாஸ்டர் கார்டை அதுல சேர்த்துட்டுப் போங்க, தெருவோர நூடுல்ஸ் கடைல கூட போனைக் காட்டித்தான் காசு குடுக்குறாங்க.

படி 4: போறதுக்கு முன்னாடி வீட்ல ஒரு மாசம்

இந்தப் படியத்தான் நிறைய பேரு விட்டுடுறாங்க, எனக்கு வருத்தமா இருக்குறதும் இதான். ஒண்ணுமே தெரியாமப் போன பிள்ளைக்கு முதல் வாரம் முழுக்க வெறும் சத்தமாப் போயிடும். ஒரு பத்து வாக்கியம் காதுல பழகிருந்தா போன முதல் நாளே பிள்ளை அதைப் பிடிச்சுக்கும்.

நான் சொல்றது விளையாட்டு, வயிறு, வலி இந்த மூணு விஷயத்துக்கான வாக்கியம். வோ யாவ் ஜெகெ, எனக்கு இது வேணும். பூ யாவ், வேணாம். யீச்சி வான் பா, வா சேர்ந்து விளையாடலாம். தங் யீஷியா, கொஞ்சம் இரு. ஜெலி தங், இங்க வலிக்குது. த்ஸஸுவோ ட்ஸாய் நாலி, டாய்லெட் எங்க. ஜெ ஷ் ஷென்ம, இது என்ன. கடைசி ஒண்ணு தெரிஞ்ச பிள்ளை கண்ல படுற ஒவ்வொண்ணையும் காட்டிக் கேட்டே நாளுக்கு இருபது சொல் சேத்துக்கும். தமிழ் எழுத்துல நான் எழுதுனது தோராயம்தான், பின்யின்னு, மாண்டரின் உச்சரிப்ப இங்கிலீஷ் எழுத்துல எழுதுற முறை இருக்கு, அதோட ஆடியோவப் போட்டுக் கேட்டே பழக்குங்க.

ஒரே சொல்ல குரலை ஏத்தி இறக்கிச் சொல்றதுல அர்த்தமே மாறும், அதுதான் டோன். டோன் நாலு, அதோட அழுத்தம் இல்லாத ஒண்ணு. முதல் டோன்ல தாங்னா சூப், ரெண்டாவதுல தாங்னா சர்க்கரை. இதைப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்ல வேணாம், கையைக் காத்துல மேல கீழ அசைச்சுக்கிட்டே சொல்ல வைங்க, சீக்கிரம் வந்துரும்.

உச்சரிப்புல நமக்கு ஒரு லாபம், ஒரு இடைஞ்சல். லாபம் என்னன்னா, மத்தவங்க திணறுற அந்த நாக்கு மடிக்கிற சத்தம் நம்ம ழகரத்துக்குக் கிட்டத்தட்ட ஒண்ணு, கறிக்கு அவங்க சொல்ற ழோவ் நம்ம பிள்ளைக்கு தானா வரும். இடைஞ்சல் என்னன்னா மாண்டரின்ல ப-வுக்குக் காத்து உண்டா இல்லையாங்கறத வச்சே அர்த்தம் மாறும். அப்பாங்கற சொல்லுல நாம சொல்ற ப்பா மாதிரி காத்து இல்லாம நாலாவது டோன்ல சொன்னா அது அப்பா, அதே டோன்ல காத்தைத் தள்ளிச் சொன்னா பயம். உள்ளங்கைய வாய்க்கு முன்னால வச்சுக்கிட்டு சொல்லிப் பாக்கச் சொல்லுங்க, கைல காத்து படுதா படலையான்னு பிள்ளைங்க விளையாட்டாவே கண்டுபிடிச்சுரும்.

படி 5: சாப்பாடு

குய்லின் பக்கம் காலைல எல்லாரும் சாப்பிடுறது மீஃபென், அரிசி நூடுல்ஸ், நம்ம பிள்ளைங்களுக்கு இடியாப்பம் பழகிருக்கும், இது உடனே பிடிக்கும். யாங்ஷுவோவுல பேரு போனது பீர் ஊத்தி சமைக்கிற மீன். சைவக்காரங்க வோ ச்சி ஸூ, நான் சைவம்னு சொன்னா மட்டும் போதாது, நூடுல்ஸ் சாறு பெரும்பாலும் எலும்புல வச்சது, காய் வதக்குறதும் சில இடத்துல பன்றிக் கொழுப்புல. கேம்ப் சமையக்காரர்கிட்ட எண்ணெய், சாறு, முட்டை மூணையும் தனித்தனியா எழுதிக் குடுத்துருங்க.

படி 6: அங்க போனதும் நீங்க நடந்துக்குற விதம்

முதல் சில நாள் பிள்ளை வாயே திறக்காது. பயந்துராதீங்க, அது கேட்டுக்கிட்டு இருக்கு. அந்த நேரத்துல ஆண்ட்டிக்கு சொல்லிக் காட்டு, வீடியோ எடுக்குறேன் தாத்தாவுக்கு அனுப்பணும்னு பிள்ளைய நிக்க வச்சு சொல்லச் சொன்னீங்கன்னா அப்புறம் கேமராவப் பாத்தாலே ஓடும். டீச்சர் ஏதாவது சொன்னதும் நீங்க முந்திக்கிட்டு தமிழ்லயோ இங்கிலீஷ்லயோ அர்த்தம் சொல்லாதீங்க, இது ரொம்ப முக்கியம், நீங்க அர்த்தம் சொல்றீங்கன்னு தெரிஞ்சதும் பிள்ளை டீச்சரக் கேக்குறத நிறுத்திட்டு உங்க மூஞ்சியப் பாக்க ஆரம்பிச்சுரும்.

அதுக்காக தமிழையே தடை பண்ணாதீங்க. ராத்திரி ரூமுக்கு வந்ததும் தமிழ்தான், அன்னைக்கு நடந்த சண்டை, பிடிக்காத சாப்பாடு, வீட்டு ஞாபகம் எல்லாத்தையும் பிள்ளை தன் மொழில கொட்டட்டும், மனசு லேசான பிள்ளைதான் மறுநாள் புது மொழிக்கு இடம் குடுக்கும். பகல்ல நீங்களும் தப்புத் தப்பா மாண்டரின் பேசுங்க, சந்தைல பழம் வாங்கும்போது துவோஷாவ் ச்சியென், எவ்வளவுன்னு நீங்க கேட்டு நாலு பேரு சிரிச்சாலும் பரவால்ல, அப்பா பேசுறாரு அம்மா பேசுறாங்கன்னு பாக்குற பிள்ளைக்கு தைரியம் தானா வரும்.

ஊர்ல இருக்குற பாட்டி தாத்தா பேசுறது வகுப்புல கேக்குற மாண்டரின் மாதிரி இருக்காது, அது குய்லியுன்னு சொல்ற தென்மேற்கு வகை, டோன்லாம் வேற. சுவாங் மொழி பேசுறவங்களும் இருக்காங்க. பிள்ளைக்குப் புரியலன்னா அது கத்துக்கல்லன்னு அர்த்தமில்ல. மத்தியானம் சாப்பிட்டதும் ஊரே ஒரு தூக்கம் போடும், நீங்களும் போடுங்க.

படி 7: திரும்பி வந்ததும்

வந்த முதல் மாசத்துல விட்டுட்டீங்கன்னா அங்க சேத்தது வேகமாக் கரைஞ்சுரும். கிளம்புறதுக்கு முன்னாடியே அங்க பழகுன ஒரு சீனக் குடும்பத்தோட வீசாட் வாங்கி வச்சுக்கோங்க, வாரத்துல ஒரு நாள் பிள்ளைங்க ரெண்டும் வீடியோல பேசட்டும், பாடம் வேணாம், பொம்மையக் காட்டிக்கிட்டு பேசுனா போதும். ஒரு இலக்கு வேணும்னு நினைக்கிற பிள்ளைக்கு ஒய்சிடின்னு சின்னவங்களுக்கான பரீட்சை இருக்கு, முதல் நிலைக்கு 80 சொல்தான், ரெண்டாவதுக்கு 150. பிள்ளையே கேட்டா எழுத வைங்க, கேக்கலன்னா அடுத்த வாரமும் அந்த வீடியோ காலை மட்டும் விடாமப் போடுங்க.