யார், யாரிடம், எப்படி: சிறுகதையைக் கருத்தாடலாக வாசிக்கும் முறை

சிறுகதையைப் படித்து முடித்த கையோடு "இதன் கரு என்ன?" என்று நோட்டில் தலைப்புப் போடாதீர்கள். காரைக்குடியில் முதுகலைத் தமிழ் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கருவைத் தேடிப் போனால் 'முதுமையின் தனிமை', 'மாறிவரும் மதிப்புகள்' என்று எந்தக் கதைக்கும் ஒட்டுகிற நாலு சொல் கிடைக்கும். அதை எழுதக் கதையைப் படித்திருக்கவே வேண்டாம். யார் பேசுகிறார், யாரிடம், எந்த இடத்தில் நின்று, எதைச் சொல்லாமல் விட்டு? கருத்தாடல் ஆய்வு என்கிற வேலையில் பெரும்பகுதி இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுவதுதான்.

இந்தத் துறைக்கு ஆங்கிலத்தில் 'discourse analysis' என்று பெயர் வைத்தவர் அமெரிக்க மொழியியலாளர் செல்லிக் ஹாரிஸ், 1952-இல். ஆனால் நம் கையில் அதற்கு வெகு காலம் முந்திய ஒரு கருவிப் பெட்டி இருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் அடுக்கும் 34 உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்று வருகின்றன அல்லவா, அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லப்படாமல் நின்று கேட்பவர் மனத்தில் முடிவது எச்சம். இந்த இடத்தில் இந்தப் பேச்சு இன்னாருக்கு இன்னார் பேசத் தக்கது என்று கேட்டவுடன் விளங்குவது முன்னம். செய்யுளுக்குச் சொன்னதுதான்; சிறுகதைக்கும் அப்படியே பொருந்துகிறது. மேலைநாட்டுக் கலைச்சொற்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. தேவைப்படும் இடத்தில் அவையும் வரட்டும்.

கதை முழுவதையும் ஒரே மூச்சில் ஆராயக் கிளம்பாதீர்கள். இரண்டு பேர் பேசிக்கொள்கிற அரைப் பக்கம் போதும். அதைக் கையால் எழுதி, வரிக்கு வரி எண் போட்டு, வலப்பக்கம் நிறைய இடம் விடுங்கள். ஜெராக்ஸ் எடுத்து அடிக்கோடு போட்டால் வராத கவனம், எழுதும்போது வரும். விகுதியைக்கூட விடாமல் எழுதியாக வேண்டுமே! பழைய கதை என்றால் இதழில் முதலில் வந்த வடிவத்தையும் நூலில் வந்ததையும் ஒப்பிட முடிகிறதா பாருங்கள். காரைக்குடிக்குப் பக்கத்தில் நம் கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும், 1992-இல் அவர் மறைந்த பிறகு, 1994 முதல் சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூலகத்தில் இருக்கின்றன. பேச்சு வழக்கைத் 'திருத்தி' அச்சிட்ட பதிப்பை வைத்துக்கொண்டு பேச்சை ஆராய முடியாது.

செய்முறையைக் காட்ட, வகுப்புக்காக நானே எழுதிய ஒரு பகுதியைத் தருகிறேன். நடப்பது ஒரு செட்டிநாட்டு வீட்டில்; 'நிலை' என்றால் கதவைத் தாங்கும் மரச்சட்டம்.

1. முகப்பில் செருப்புச் சத்தம் கேட்டு ஆச்சி வளவிலிருந்து எட்டிப் பார்த்தாள்.
2. "வாங்க. தம்பி அனுப்புன ஆளா?"
3. "ஆமா ஆச்சி. நிலையைப் பாத்துட்டு வரச் சொன்னாக."
4. "காப்பி சாப்பிடுறீகளா?"
5. "இருக்கட்டும் ஆச்சி. இது பர்மாத் தேக்குதானே?"
6. "வெயில்ல வந்திருக்கீக. மோராவது குடிங்க."
7. வந்தவர் டேப்பை இழுத்து நிலையின் உயரத்தை அளந்தார். ஆச்சி உள்ளே போய்ச் செம்பில் மோர் கொண்டுவந்து திண்ணையில் வைத்தாள்.
8. "நான் கல்யாணமாகி வந்தப்ப இந்த நிலையிலதான் நிக்கவச்சு ஆலத்தி எடுத்தாக."
9. "ஏழரை அடி."
10. "மாமா இருந்தாக அப்ப."
11. "வெள்ளிக்கிழமை வண்டி அனுப்புறோம் ஆச்சி."
12. "மோரு அப்படியே இருக்கு. குடி."

முதலில் விளிகளையும் வினைமுற்று விகுதிகளையும் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். தமிழில் வினைமுற்று வாயைத் திறந்தாலே மரியாதைக் கணக்கும் கூடவே வந்துவிடும். ஆச்சியின் பேச்சில் வாங்க, சாப்பிடுறீகளா, வந்திருக்கீக, குடிங்க என்று வரிசையாகப் பன்மை. பன்னிரண்டாம் வரியில் மட்டும் 'குடி'. வந்தவர் அவளை மூன்று முறை 'ஆச்சி' என்று விளிக்கிறார். ஒன்பதாம் வரியில் அந்த விளியும் இல்லை, வெறும் அளவு. ஆச்சியோ அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. தம்பி, அப்பு, ஐயா எதுவும் கிடையாது. மகனைத் 'தம்பி' என்கிற வாய்க்கு வந்தவரை விளிக்க ஒரு சொல் கிடைக்கவில்லை. இரண்டாம் வரியை இன்னும் நெருங்கிப் பாருங்கள்: 'வாங்க' மரியாதை கொடுக்கிறது, அடுத்த மூச்சில் வரும் 'ஆளா' அதில் பாதியை எடுத்துக்கொள்கிறது.

பிறகு, கதைசொல்லி யாருக்கு என்ன விகுதி கொடுக்கிறார்? இதைப் பெரும்பாலானவர்கள் பார்ப்பதே இல்லை. 'ஆச்சி பார்த்தாள்', 'ஆச்சி வைத்தாள்'. ஆனால் 'வந்தவர் அளந்தார்'. எங்கள் பக்கத்தில் எவரும் ஓர் ஆச்சியைப் 'பார்த்தாள்' என்று வாயால் சொல்ல மாட்டார்கள். 'பாத்தாக' என்றுதான் வரும். எழுத்துக் கதையில் வயதான பெண்களுக்கு ஆள் விகுதி போடுவது ஒரு மரபு. ஆனாலும் அந்நிய ஆணுக்கு ஆர், வீட்டுக்காரிக்கு ஆள் என்று ஒரே பத்தியில் வருவதை மரபு என்று சொல்லித் தாண்டிவிடக் கூடாது. கதைசொல்லி எந்தப் பக்கம், எவ்வளவு தொலைவில் நிற்கிறார் என்பதை இந்த இரண்டு விகுதிகள் சொல்லிவிடும். நீங்கள் ஆராயும் கதையில் இப்படி ஓர் ஏற்றத்தாழ்வு தென்பட்டால் அதற்கே ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

அடுத்து, கேள்விக்கும் பதிலுக்கும் கோடு இழுங்கள். நாலாம் வரிக் கேள்விக்கு ஐந்தில் பதில் இருக்கிறது. தேக்கைப் பற்றிய கேள்விக்கு ஆறில் பதில் இல்லை. வெயிலைப் பற்றிய பேச்சு வருகிறது. எட்டில் ஆச்சி சொல்வதற்கு ஒன்பதில் வருவது உயரம். பதினொன்றுக்குப் பன்னிரண்டும் பதில் இல்லை. பொருந்தாத பதில் வந்தாலும் கேட்பவர் அதில் ஒரு பொருத்தத்தைத் தேடியே தீருவார் என்று 1975-இல் வெளிவந்த கட்டுரையில் மெய்யியலாளர் கிரைஸ் விளக்கினார். வாசகரும் அதையேதான் செய்கிறார். அறுந்த கோடுகளை எண்ணுங்கள். அவை கூடும் இடத்தில்தான் கதை நடக்கிறது. இந்தப் பகுதியில் இருவரும் முறை மாற்றி ஒழுங்காகப் பேசுகிறார்கள், எவரும் குறுக்கிடவில்லை, குரலும் உயரவில்லை. ஆனால் ஒருவர் விருந்தாளியிடம் பேசிக்கொண்டிருக்கிறார், மற்றவர் மரத்திடம்.

சின்ன இடைச்சொற்களை விட்டுவிடாதீர்கள். 'தேக்குதானே' என்பதில் தெரிந்துகொள்ளும் ஆசை இல்லை, தெரிந்ததை உறுதி செய்யும் குரல் இருக்கிறது. 'மோராவது' என்பதில், காப்பியை மறுத்துவிட்டதால் உபசாரம் ஒரு படி இறங்கி வந்து கெஞ்சுகிறது. 'இந்த நிலையிலதான்' என்ற அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வேறு கதைகளில் 'ஆம்' விகுதி வரும்: 'வண்டி வருமாம்' என்றால் சொல்பவர் பொறுப்பைக் கைகழுவுகிறார். துணைவினைகளும் அப்படித்தான். விற்றான், விற்றுவிட்டான், விற்றுத் தொலைத்தான்: நடந்தது ஒன்றேதான், அதைச் சொல்கிற வயிற்றெரிச்சல் வேறு வேறு.

எச்சத்துக்கு வருவோம். இதற்கு ஒரு பட்டியல் போடுங்கள்: இந்தச் சூழலில் வந்திருக்க வேண்டிய எந்தச் சொல் வரவில்லை? விலை என்ற சொல் இல்லை. விற்பது, வாங்குவது இல்லை. 'பாத்துட்டு வரச் சொன்னாக' என்பதில் சொன்னவர் யார் என்பதும் இல்லை. தமிழில் எழுவாயை விட்டுவிடுவது சாதாரணம், அதனால் ஒவ்வொரு விடுபடலையும் பெரிதாக்கக் கூடாது. இங்கே மட்டும் ஏன் கவனிக்கிறோம்? முடிவெடுக்கிற மகன் இரண்டாம் வரியில் ஒரே ஒருமுறை தலைகாட்டிவிட்டு, அதன்பின் வெறும் விகுதியாகத் தேய்ந்துபோகிறான் என்பதால்.

களன் என்பது இடத்தின் பெயர் மட்டுமல்ல, அந்த இடத்தில் யார் நிற்கலாம் என்பதும்தான். செட்டிநாட்டு வீட்டில் முகப்பு வெளியாட்களோடு பேசும் இடம். வளவு குடும்பத்தின் சடங்குகள் நடக்கும் இடம். உள்கட்டுகளில் பெண்கள் புழங்குவார்கள். ஆச்சி வளவிலிருந்து முகப்புக்கு வருகிறாள், உள்ளே போகிறாள், மறுபடி வருகிறாள். அவர் நிலையை விட்டு நகரவில்லை. இரண்டு இடத்தையும் பிரிக்கிற பொருள் எதுவோ அதுதான் வண்டியில் போகப்போகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் சாத்தி வைத்திருக்கும் நிலைகளையும் தூண்களையும் பார்த்தவர்களுக்கு மூன்றாம் வரியிலேயே விஷயம் புரிந்துவிடும். வெளியூர் வாசகருக்குப் பதினொன்று வரை ஆகலாம். இந்த இரண்டு வாசிப்பையும் உங்கள் கட்டுரையில் காட்டலாம்.

ஒரு எச்சரிக்கை. 'பர்மாத் தேக்கு' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, செட்டிநாட்டார் பர்மாவில் வட்டிக்கடை வைத்தது, 1942-இல் ஜப்பான் படை வந்ததும் சொத்தை விட்டுத் திரும்பியது என்று நாலு பக்கம் எழுதிவிடுகிறார்கள். வரலாறு உண்மைதான். ஆனால் இந்தப் பகுதியில் அந்தச் சொல்லை உச்சரிப்பவர் வியாபாரி, அதுவும் தரத்தைக் குறிக்க. ஆச்சி அதைத் தொடவே இல்லை. கதை எவ்வளவு வரலாற்றை உள்ளே விடுகிறதோ அவ்வளவு போதும்.

இனி நான் மிகவும் நம்புகிற சோதனை: ஒரு சொல்லை மாற்றிப் பார்ப்பது. பதினொன்றாம் வரியில் 'வெள்ளிக்கிழமை' என்பதைப் 'புதன்கிழமை' ஆக்குங்கள். பேச்சின் தகவல் கெடவில்லை, வண்டி வந்துவிடும். ஆனால் வீட்டிலிருந்து வெள்ளிக்கிழமை எதையும் வெளியே கொடுக்காத பழக்கம் தெரிந்தவர்களுக்கு, மூல வரியில் ஓர் அடி விழுந்திருப்பது தெரியும். வியாபாரிக்கும் அந்தப் பழக்கம் தெரியாமல் இருக்காது. ஆச்சி அதைச் சுட்டிக்காட்டவில்லை. அதற்குப் பதிலாக விகுதியை மாற்றுகிறாள். இப்போது பன்னிரண்டில் 'குடி' என்பதைக் 'குடிங்க' ஆக்கிப் படியுங்கள். வெறும் உபசாரமாக முடிந்துவிடுகிறது, இல்லையா? ஒரு சொல்லை மாற்றியும் ஒன்றும் குறையவில்லை என்றால் அந்தச் சொல்லைப் பற்றி எழுத உங்களிடம் ஒன்றுமில்லை என்று பொருள், விட்டுவிடுங்கள்.

அந்தக் 'குடி' என்ன செய்கிறது? வகுப்பில் இங்கேதான் சண்டை வரும். வயதில் மூத்தவள் மகன் வயதுக்காரரிடம் உரிமையோடு சொல்கிறாள் என்பார்கள் சிலர். விருந்தாளிக்குக் கொடுத்த பன்மையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள் என்பார்கள் மற்றவர்கள். இரண்டுக்கும் இடம் உண்டு. நான் இரண்டாவதன் பக்கம். காரணம், உரிமைப் பேச்சு என்றால் முறைச்சொல் ஒன்று கூட வந்திருக்கும்: 'குடி தம்பி', 'குடிப்பா'. பன்னிரண்டு வரியிலும் அது வரவில்லை. எட்டிலும் பத்திலும் நினைவை நீட்டிப் பார்த்தாள், அதற்குக் கிடைத்தது ஓர் அளவும் ஒரு கிழமையும். வீட்டில் அவளுக்கு மிச்சமிருக்கிற அதிகாரம் ஒரு செம்பு மோர் மேல்தான். அதைக் கட்டளையாகப் பயன்படுத்துகிறாள்.

சத்தம்போட்டுப் படிப்பதையும் செய்துவிடுங்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு பாத்திரமாக வாசிக்க, மூன்றாமவர் எங்கே இடைவெளி விழுகிறது என்று குறிக்கட்டும். ஒன்பதாம் வரிக்கு முன் எவ்வளவு நேரம் நிறுத்துகிறார்கள் என்பதிலேயே அவர்கள் கதையை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று தெரிந்துவிடும்.

கதை முழுவதற்குமான கட்டமைப்பை மொழி ஆய்வாளர்கள் லபோவும் வாலெட்ஸ்கியும் 1967-இல் பிரித்துக் காட்டிய விதத்தில் பார்க்கலாம்: சூழல் அறிமுகம், சிக்கல், மதிப்பீடு, தீர்வு என்று. அது வாய்மொழி அனுபவக் கதைகளைக் கொண்டு உருவானது. தீர்வையே தராமல் நிறுத்துகிற நவீனச் சிறுகதைக்கு ஓரளவுதான் உதவும். கடைசியில் செய்தால் போதும்.

எழுதும்போது ஒரே ஒரு கூற்றை முன்வையுங்கள். அதற்கு மூன்று வரிகளைச் சான்றாகக் காட்டுங்கள், எண்ணோடு. உங்கள் கூற்றுக்கு எதிராக நிற்கிற ஒரு வரியும் கதையில் கண்டிப்பாக இருக்கும். எனக்கு அது ஆறாம் வரி: 'வெயில்ல வந்திருக்கீக' என்பதில் உண்மையான கரிசனம் இருக்கிறது, அதை என் வாசிப்பு முழுதாக விளக்கவில்லை. உங்களுக்கு எந்த வரியோ, அதையும் எண்ணோடு கட்டுரையில் எழுதிவிடுங்கள்.