ஊருக்கு வேனில் போகிறீர்களா? நிற்கும் இடங்களை முதலில் குறியுங்கள்

சிங்கப்பூரிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போய், அங்கே சொந்த ஊருக்கு வேன் எடுக்கிறவர்களுக்கு இது. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சி ஏறத்தாழ 330. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துவிட்டு, "அப்போ நாலரை மணி நேரம், சாப்பாட்டுக்குத் திருச்சி" என்று கணக்குப் போடுகிறவர்கள்தான் தமிழ்நாட்டுச் சாலையில் அதிகம் அவதிப்படுகிறார்கள்.

சாலை மோசம் என்று சொல்லவில்லை. நான்கு வழிச்சாலை நன்றாகவே இருக்கிறது. ஆனால் மலேசிய வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் குறுக்கே யாரும் வரமாட்டார்கள். தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் குறுக்குச் சாலை வரும், எதிர்த்திசையில் இருசக்கர வண்டி வரும், வலது ஓரத்தை விட்டு நகராத லாரி இருக்கும், சில நேரம் மாடும் வரும். வேன் சராசரியாக மணிக்கு 55, 60 கிலோமீட்டர் போனால் நல்ல ஓட்டம். ஆறு மணி நேர ஓட்டம், ஒரு மணி நேர நிறுத்தம், ஆக ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. துவாஸைத் தாண்டி மலேசியாவுக்குள் போகும்போது கழிவறையைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை. ஓய்விடம் தானாக வரும், பலகை முன்கூட்டியே சொல்லும். தமிழ்நாட்டில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். வண்டியில் அறுபது வயதைத் தாண்டிய அம்மாவும் மூன்று வயதுக் குழந்தையும் இருந்தால், பயணத்தைத் தீர்மானிப்பது தூரம் இல்லை, இரண்டு நல்ல கழிவறைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான். அதனால் வரைபடத்தைத் திறந்ததும் நிற்கப்போகும் இடங்களைக் குறியுங்கள். கிளம்பும் நேரத்தை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடலாம்.

எந்த ஊரில் இறங்குவது

சொந்த ஊர் தஞ்சாவூர், மன்னார்குடி, புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கம் என்றால் சென்னையில் இறங்க ஒரு காரணமும் இல்லை, தி.நகர் ஷாப்பிங்கைத் தவிர. சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது, நான்கு மணி நேரப் பறப்பு. அங்கிருந்து காரைக்குடி 90 கிலோமீட்டர்தான். கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் திருவனந்தபுரத்தையும் பார்க்கலாம். அங்கிருந்து தென்காசி 110 கிலோமீட்டருக்குள். மலைப்பாதைதான், ஆனால் சென்னையிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் வருவதோடு பார்த்தால் பரவாயில்லை.

டிக்கெட் விலையில் நூறு, நூற்றைம்பது வெள்ளி மிச்சம் என்று சென்னையை எடுத்தால், அந்தப் பணம் வேன் வாடகையிலும் ஒரு நாள் அலுப்பிலும் போய்விடும்.

நம் பள்ளி விடுமுறையும் அங்குள்ள சாலையும்

ஜூன் மாதம் நமக்கு வாய்த்தது. தமிழ்நாட்டில் கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் ஜூன் தொடக்கத்தில் திறந்துவிடும். நம் பிள்ளைகளுக்கு அப்போதுதான் விடுமுறை தொடங்கியிருக்கும். பள்ளி திறப்பதற்கு முந்தைய சனி, ஞாயிறில் எல்லா வண்டியும் சென்னையை நோக்கி வரும், நீங்கள் எதிர்த்திசையில் காலியான சாலையில் போகலாம். வெயில் மட்டும் குறைந்திருக்காது. பிற்பகல் ஓட்டத்தை முடிந்த அளவு தவிருங்கள்.

நவம்பர், டிசம்பர்தான் சிக்கல். வடகிழக்குப் பருவமழை, சபரிமலைக்குப் போகும் வேன்கள், மேல்மருவத்தூருக்குச் செவ்வாடை பக்தர்கள் வரும் பேருந்துகள், டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறை என எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வரும். மேல்மருவத்தூர் சென்னை–திருச்சி சாலையிலேயே இருப்பதால் அந்தப் பகுதியில் வண்டி ஊர்ந்துதான் போகும். டெல்டாப் பக்கம் போகிறவர்கள் மழைச் செய்தியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகும் தடத்தில் நான்கு வழி வேலை பல ஆண்டுகளாகப் பகுதி பகுதியாக நடந்தது. அந்த வழியா, திருச்சி சுற்றியா என்று அங்கே அடிக்கடி ஓட்டும் டிரைவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

செப்டம்பர் ஒரு வார விடுமுறையில் நாகப்பட்டினம் பக்கம் போகிறவர்கள், ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா என்பதை மறக்க வேண்டாம். காவி உடுத்திய பக்தர்கள் கூட்டம் கூட்டமாகச் சாலையோரம் நடந்து போவார்கள், இரவிலும்கூட. தைப்பூசத்துக்கு முன்னால் பழனிப் பாதையும் இப்படித்தான்.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு மூன்று மாலைகளில், சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையை நம்பக் கூடாது. 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி, அப்புறம் செங்கல்பட்டுக்கு முன்னால் பரனூர் சுங்கச்சாவடி என்று வரிசையாக நெரிசல். அந்த நாட்களில் கார்களைப் பழைய மகாபலிபுரம் சாலை, கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டு போகச் சொல்லி அரசே அறிவிப்பது வழக்கம். தூரம் கூடும், நேரம் குறையும்.

வண்டியும் டிரைவரும்

இன்னோவாவில் ஏழு பேர் உட்காரலாம் என்பது உண்மை. ஏழு பேரும் ஆளுக்கு முப்பது கிலோ பெட்டியும் சேர்ந்து போக முடியாது. ஆறு பேருக்கு மேல் என்றால் 12 சீட் டெம்போ டிராவலர் எடுங்கள். சீட்டுகளுக்கு நடுவே நடக்க இடம் இருக்கும், பாட்டி காலை நீட்டலாம். வாடகை பேசும்போது கேட்க வேண்டியவை: ஒரு நாளுக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர், கணக்கு வண்டி நிற்கும் ஷெட்டிலிருந்தா நீங்கள் ஏறும் இடத்திலிருந்தா, டிரைவர் பேட்டா (தினப்படி) எவ்வளவு, சுங்கக் கட்டணம் யார் தலையில், நாள் என்பது நள்ளிரவோடு முடிகிறதா. கடைசிக் கேள்வியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். இரவு 11 மணிக்கு விமான நிலையத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை விழும்.

2021 பிப்ரவரியிலிருந்து சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் கட்டாயம், அதாவது சுங்கக் கட்டணத்தைத் தானாகக் கழிக்கும் ஒட்டுவில்லை. வாடகை வண்டியில் அது ஒட்டியிருக்கும். அதில் பணம் இருக்கிறதா என்று கிளம்பும் முன் கேளுங்கள். ரொக்கமாகக் கட்டினால் இரு மடங்கு. வண்டியின் எண் பலகை மஞ்சளாக இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டி சொந்த உபயோகத்துக்கானது. அதை வாடகைக்கு விடுவது சட்டப்படி சரியில்லை, விபத்து நடந்தால் காப்பீடும் தகராறாகும்.

குழந்தை இருக்கையை இங்கிருந்தே கொண்டு போங்கள். சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்கு அது கட்டாயம். அங்கே வாடகை வண்டியில் கிடைப்பது அரிது. பின் சீட் பெல்ட் பெரும்பாலும் சீட் உறைக்கு அடியில் புதைந்து கிடக்கும். முதல் நாளே டிரைவரிடம் அதை வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். "அதெல்லாம் வேண்டாம் சார், யாரும் கேக்க மாட்டாங்க" என்பார். சிரித்துக்கொண்டே எடுக்கச் சொல்லுங்கள்.

நானே ஓட்டுகிறேன் என்கிறவர்களுக்கு: இந்தியாவிலும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அனைத்துலக ஓட்டுநர் அனுமதிச் சீட்டைச் சிங்கப்பூரிலேயே வாங்கிக்கொள்ளலாம். இருந்தாலும் குடும்பத்தோடு முதல் தடவை போகும்போது என் ஆலோசனை, வேண்டாம். தீவு விரைவுச்சாலையில் இருபது வருடம் ஓட்டிய கைக்கு, எதிரே ஹைபீமோடு வரும் பேருந்து புதிது.

டிரைவர் தூங்கினாரா என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். நள்ளிரவு விமானத்துக்கு வந்து காத்திருந்தவரையே அப்படியே ஊருக்கு ஓட்டச் சொல்லும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. அதிகாலை இரண்டு முதல் நாலு மணி கண் அசரும் நேரம். இரவில் இறங்கினால் மீனம்பாக்கம், பல்லாவரம், தாம்பரம் பக்கம் ஒரு அறை எடுத்துத் தூங்குங்கள். வேனை மறுநாள் காலைக்குச் சொல்லுங்கள்.

அதிகாலைக் கிளம்பல்

சிங்கப்பூர் நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே அதிகாலை நாலு மணி என்றால் நம் உடம்புக்கு ஆறரை, பள்ளிக்குப் பிள்ளைகள் எழும் நேரம் தாண்டியாயிற்று. முதல் இரண்டு மூன்று நாள் இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து நாலரைக்கு வண்டி கிளம்பினால் நெரிசல் தொடங்குமுன் பரனூரைத் தாண்டிவிடலாம். ஏழு மணிக்குக் கிளம்பினால் பள்ளி வேன்களோடும் கம்பெனிப் பேருந்துகளோடும் ஊர வேண்டும்.

முதல் நிறுத்தம் மேல்மருவத்தூர், அச்சிறுபாக்கம் வட்டாரம். கும்பகோணம் டிகிரி காபி என்று பலகை போட்ட கடைகள் வரிசையாக இருக்கும். பித்தளை டபராவில் காபி, பொங்கல், வடை. ஆறேகால் மணிக்கு அங்கே இருந்தால் கூட்டமும் இருக்காது, கழிவறையும் அப்போதுதான் கழுவியிருப்பார்கள். நேரத்தோடு போவதில் இது பெரிய லாபம். அதே கழிவறை பதினொரு மணிக்கு வேறு மாதிரி இருக்கும். டிசம்பர், ஜனவரியில் போகிறவர்கள் இதற்குச் சற்று முன்பே படாளத்தில் பிரிந்து வேடந்தாங்கலில் பறவைகளைப் பார்த்துவிட்டு வரலாம். பிள்ளைகளுக்கு ஓடவும் ஆடவும் இடம்.

இரண்டாவது, உளுந்தூர்பேட்டைக்கு முன்னாலோ பின்னாலோ, ஏறத்தாழ 200 கிலோமீட்டரில். சேலம் போகிறவர்களும் இங்கேதான் பிரிவார்கள். மூன்றாவது பெரம்பலூர், பாடாலூர் பக்கம், சின்ன நிறுத்தம், இளநீர் குடிக்க. பதினொன்றரை மணிக்குத் திருச்சி. ஸ்ரீரங்கம் போக நினைத்தால் இங்கே ஒரு எச்சரிக்கை: பெரும்பாலான கோயில்களில் நண்பகல் வாக்கில் நடை சாத்தி மாலை நாலு மணியை ஒட்டித்தான் திறப்பார்கள். அந்த இடைவேளையைச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் வைத்துக்கொண்டு தரிசனத்தை மாலைக்குத் தள்ளுங்கள்.

திருச்சிக்குத் தெற்கே பாதை இன்னும் சுகம். விராலிமலையில் முருகன் கோயிலும் மயில்களும். மதுரை தாண்டினால் சாத்தூரில் காராச்சேவும் வெள்ளரிப் பிஞ்சும், கோவில்பட்டியில் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாய். புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடி போகிறவர்கள் திருமயம் கோட்டையில் முக்கால் மணி நேரம் இறங்கலாம். சாலையோரத்திலேயே இருக்கிறது, மேலே ஏறினால் நல்ல காற்று.

எந்தக் கடையில் நிற்பது என்பதை டிரைவரிடம் விட்டுவிட வேண்டாம். நெடுஞ்சாலை மோட்டல்கள் சிலவற்றில் வண்டி கொண்டுவரும் டிரைவருக்குச் சாப்பாடு இலவசம். அவர் அங்கே நிறுத்துவதில் ஆச்சரியமில்லை. "அண்ணே, உங்க சாப்பாடு எங்களோடதான்" என்று முதல் நிறுத்தத்திலேயே சொல்லிவிட்டால், அப்புறம் அவரே நல்ல இடமாகச் சொல்லுவார். மதியம் இலைச் சாப்பாடு முடிந்ததும் அரை மணி நேரமாவது அவரைச் சாயவிடுங்கள்.

கடை கிடைக்காத இடத்தில் பெட்ரோல் பங்க். எண்ணெய் நிறுவனமே நேரடியாக நடத்தும் பெரிய பங்க்குகளை டிரைவர்கள் "கோகோ பங்க்" என்பார்கள். அங்கே கழிவறை மற்ற இடங்களைவிடச் சுத்தமாக இருக்கும். டீசல் போடுவதை அங்கே வைத்துக்கொண்டால் சாவி கேட்கக் கூச்சம் இருக்காது. முட்டி வலிக்காரர்களுக்கு உட்காரும் கழிவறை உண்டா என்று ஒருவர் முதலில் இறங்கிப் பார்த்துவிட்டு வரட்டும். பாட்டியை இறக்கி, நடத்தி, திரும்ப ஏற்றுவது சின்ன வேலை இல்லை. டிஷ்யூ, சோப்புத் தாள், ஒரு பாட்டில் தண்ணீர், பத்து ரூபாய்ச் சில்லறை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம்.

வண்டி பழுதானாலோ விபத்தைப் பார்த்தாலோ தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்சுக்கு 108.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வரி: ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் முறை வந்திருக்கிறது, வண்டி எண்ணை வைத்து இணையத்தில் முன்பே எடுக்க வேண்டும்.

திரும்பி வரும் நாள்

போகும்போது தாமதமானால் மாமா கோபித்துக்கொள்வார், அவ்வளவுதான். திரும்பும்போது விமானம் நிற்காது. ஞாயிறு மாலையும் நீண்ட வார இறுதியின் கடைசி நாளும் செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வரை வண்டிகள் நிறைந்திருக்கும். அன்றிரவு சென்னையில் விமானம் என்றால் முந்தைய நாளே வந்துவிடுங்கள். இன்னும் நல்லது, சென்னையில் இறங்கித் திருச்சியில் ஏறுவது. இரண்டு ஊருக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் விலை பெரும்பாலும் அதிகம் மாறாது.

இன்னொரு வழி, திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தே பாரத் ரயில். திருநெல்வேலியிலிருந்து சென்னை எழும்பூருக்கு எட்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும், ரயிலிலேயே கழிவறை இருக்கிறது. பெரியவர்களை அதில் ஏற்றிவிட்டு இளசுகள் பெட்டிகளோடு வேனில் வரலாம். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். ஊரில் இருக்கும் யாரையாவது அன்று காலையே போடச் சொல்லுங்கள்.

வாடகைக் கணக்கை விமான நிலைய வாசலில் வைத்துக்கொள்ள வேண்டாம். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், பெட்டிகள் இறங்கிக்கொண்டிருக்கும், கிலோமீட்டர் யாருக்கும் நினைவிருக்காது. ஏறிய அன்று மீட்டரைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்து, கடைசிக் காபி நிறுத்தத்தில் டிரைவரோடு உட்கார்ந்து, சுங்கச் செலவும் பேட்டாவும் சேர்த்து அங்கேயே பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.