ஆபீஸ் லேப்டாப்ல டெமோ காட்டுறவங்களுக்கு

போன சனிக்கிழமை கலிஃபோர்னியா சன்னிவேல்ல ஃப்ரெண்ட் வீட்ல தம்பி ஒருத்தன் அவனோட ஸ்டார்ட்அப் டெமோ காட்டினான். ஐடியா நல்லாவே இருந்துச்சு, பேச்சும் தெளிவு, ஆனா என் கண்ணு ஸ்கிரீனுக்கே போகல, லேப்டாப் மூடியில இருந்த கம்பெனி ஸ்டிக்கர்லயே நின்னுடுச்சு. "ஆபீஸ் மெஷினாடா?"ன்னேன். "ஆமாண்ணா, இதுல ரேம் ஜாஸ்தி"ன்னான். ஆறு வருஷம் முன்னாடி நான் சொன்ன அதே பதில்.

முப்பது ஸ்லைடு போடாதே, எழுத்தைப் பெருசா வை, இதெல்லாம் யார் வேணா சொல்லுவாங்க. நான் சொல்றது அமெரிக்காவுல எச்1பி-யில, அதாவது கம்பெனி ஸ்பான்சர் பண்ற வேலை விசாவுல, இருந்துக்கிட்டே ராத்திரில இன்வெஸ்டர் கிட்ட காட்டற பிட்ச் ரெடி பண்றவங்களுக்கு.

சாஃப்ட்வேர் கோடு யாரோட சொத்துன்னு யோசிக்காம இருக்கறது

வேலைக்குச் சேர்ற அன்னிக்கு ஒரு கத்தை பேப்பர்ல கையெழுத்து வாங்குவாங்கல்ல, அதுல ஒண்ணு இன்வென்ஷன் அசைன்மென்ட் அக்ரிமென்ட், வேலையில இருக்கறப்ப நீங்க உருவாக்கறது கம்பெனிக்குச் சொந்தம்னு சொல்ற பேப்பர். நான் அதைப் படிக்கவே இல்ல. கலிஃபோர்னியாவுல லேபர் கோட் 2870-ன்னு ஒரு செக்‌ஷன் இருக்கு, சொந்த நேரத்துல, கம்பெனி சாமான், இடம், ரகசியத் தகவல் எதையும் தொடாம செஞ்சதை அவங்க எழுதி வாங்க முடியாதுன்னு. இதைக் கேட்டதும் எல்லாருக்கும் குஷியாயிடுது, மிச்சத்தைப் படிக்கறதில்ல. கம்பெனியோட பிசினஸுக்கோ, அவங்க பண்ற அல்லது பண்ணப்போறதா நிரூபிக்க முடியற ஆராய்ச்சிக்கோ சம்பந்தம் இருந்தா அந்தப் பாதுகாப்பு கிடையாது. பெரிய கம்பெனியா இருந்தா அவங்க கை வைக்காத துறைன்னு ஒண்ணு இருக்கா சொல்லுங்க.

என் கதை இதான். ஊர்ல சின்ன மருந்துக்கடைங்களுக்கு காலாவதி ஆகப்போற சரக்கை முன்கூட்டியே சொல்ற சாஃப்ட்வேர். பகல்ல நான் பாத்த வேலை சப்ளை செயின், அதுவே பாதி வம்பு. மீதி வம்பை நானே இழுத்துக்கிட்டேன், ஆபீஸ் லேப்டாப்ல எழுதி, லஞ்ச் டைம்ல ஆபீஸ் மீட்டிங் ரூம்லயே டெமோ ரெக்கார்ட் பண்ணி. பிட்ச் பிரமாதமா போச்சு, இன்வெஸ்டர் பணம் போடற நிபந்தனையெல்லாம் எழுதின டேர்ம் ஷீட்டே அனுப்பிட்டாரு, வீட்ல பாயசம் வச்சாச்சு. அப்புறம் இன்வெஸ்டரோட வக்கீல் கிட்ட இருந்து ஒரு கேள்விப் பட்டியல் வந்துச்சு, அதுல ஒரு வரி: இந்தக் கோடு எந்த மெஷின்ல எழுதினது? கோடுல யாரு எப்ப என்ன மாத்தினாங்கன்னு பதியற கிட் லாக்கைத் திறந்து பாத்தா செவ்வாய்க்கிழமை மத்தியானம் 2:40-க்கு கமிட், எழுதினவர் பேருக்குப் பக்கத்துல என் ஆபீஸ் மெயில் ஐடி. அந்த மெஷின்ல கிட் செட்டிங் அப்படித்தான் இருந்திருக்கு, நான் கவனிக்கவே இல்ல.

கம்பெனி கிட்ட உரிமை கோர மாட்டோம்னு லெட்டர் வாங்கிட்டு வாங்கன்னாங்க. வாங்கறதுன்னா நான் ராத்திரில என்ன பண்றேன்னு மேனேஜர் கிட்ட நானே போய்ச் சொல்லணும், வேலை போச்சுன்னா எச்1பி-யில அதிகபட்சம் 60 நாள் டைம், பொண்ணு அப்பதான் ஸ்கூல் சேர்ந்திருக்கா. நான் கேக்கவே இல்ல. இன்வெஸ்டர் மூணு வாரம் பாத்துட்டு மரியாதையா விலகிட்டாரு. புது லேப்டாப் வாங்கி அஞ்சு மாசம் உக்காந்து முதல்ல இருந்து திருப்பி எழுதினேன், அதுக்கும் நான் போய்க் கேட்ட வக்கீல், மெஷின் பிரச்சினைதான் தீந்துச்சு, ஆபீஸ் வேலையோட சம்பந்தம் இருக்கே அது தீரலன்னுட்டாரு. இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது.

கமிட் லாக்கை மாத்திட்டா போச்சுன்னு ஒருத்தர் எனக்கு ஐடியா வேற குடுத்தாரு. வேணாம் சாமி. கோடு முழுக்க எங்களுதுன்னு இன்வெஸ்டர் கிட்ட கையெழுத்துப் போடப்போறது நீங்கதான்.

அதனால முதல் வரி கோடு எழுதறதுக்கு முன்னாடியே சொந்த மெஷின், சொந்த மெயில், சொந்த இன்டர்நெட். வேலைக்குச் சேர்றப்பவே கைவசம் ப்ராஜெக்ட் ஏதாவது இருந்தா, அந்த அக்ரிமென்ட் கடைசியில ஏற்கெனவே உங்ககிட்ட இருக்கறதை எழுதச் சொல்லி இடம் விட்டிருப்பாங்க, காலியா விடாம எழுதுங்க. ஒரு மணி நேரம் வக்கீலுக்குக் காசு குடுத்து அக்ரிமென்ட்டைப் படிக்கச் சொல்லுங்க. அந்தக் காசை மிச்சம் பிடிச்சவன்தான் நான்.

"எப்ப ஃபுல்டைம் வருவீங்க?"

இன்வெஸ்டருங்க கண்டிப்பா கேப்பாங்க. எச்1பி-யில இருந்துக்கிட்டு ஷேர் வச்சிருக்கலாம், ஆனா அனுமதி இல்லாம சொந்தக் கம்பெனிக்கு வேலை பாக்கக் கூடாது, சம்பளம் வாங்காட்டி ஒண்ணும் ஆகாதுன்னு நம்பிக்கிட்டு இருக்காதீங்க. 2025 ஜனவரியில வந்த ரூல்படி பெரும்பான்மை ஷேர் உங்ககிட்டயே இருந்தாலும் உங்க கம்பெனி உங்களுக்கு எச்1பி போட வழி இருக்கு, ஆனா முதல் அப்ரூவலும் முதல் நீட்டிப்பும் தலா அதிகபட்சம் 18 மாசம்தான். விசா வக்கீலைப் பாத்துட்டு பதிலை மாசக் கணக்கோட வச்சுக்கங்க, அங்க போய்த் தடுமாறினா அதுவே அவங்களுக்கு பதில்.

ஊரை ஞாபகத்துல இருந்து எழுதறது

நான் மதுரையை விட்டு வந்தது 2013-ல. கடைக்காரங்களுக்குப் பணம் வசூலிக்கறதே பெரும்பாடுன்னு ஸ்லைடு போட்டிருந்தேன். ராத்திரி ஒன்பதரைக்கு, அங்க காலைல பத்து, மருந்துக்கடை வச்சிருக்க மாமாவுக்கு போன் போட்டா, "எந்தக் காலத்துலடா இருக்க, எல்லாவனும் க்யூஆர்ல ஸ்கேன் பண்ணிட்டுப் போறான்"னு சிரிக்கறாரு. யுபிஐ வந்தது 2016-ல, நான் இங்க உக்காந்து பழைய கல்லாப்பெட்டியையே நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன். அவரோட நிஜத் தலைவலி, காலாவதி சரக்கைத் திருப்பி அனுப்பினா டிஸ்ட்ரிபியூட்டர் கிட்ட இருந்து பணம் வர்றதுக்குள்ள தாவு தீந்துடுதாம். அந்த ஒரு போன்லதான் பிட்ச் ஸ்லைடுங்களே உருப்படியாச்சு.

140 கோடி பேர் ஸ்லைடு

இந்தியா முழுக்க நம்ம மார்க்கெட்னு காட்டற ஸ்லைடு. தூக்கிடுங்க.

83(பி)

ஷேருக்கான வரியை வாங்கினப்பவே கணக்குப் பண்ணிக்கறேன்னு சொல்ற பேப்பர் இது, வெஸ்டிங்கோட, அதாவது கொஞ்சம் கொஞ்சமா முழுசா சொந்தமாகற மாதிரி, ஃபவுண்டர் ஷேர் வாங்கின 30 நாளுக்குள்ள அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்-க்கு அனுப்பிடணும். கெடு தாண்டிப் போய் அழுதாலும் நடக்காது.

தம்பி நேத்து ராத்திரி மெசேஜ் போட்டிருந்தான்: "லாக் பாத்தேண்ணா. எல்லாத்துலயும் ஆபீஸ் மெயில்தான்." வக்கீல் நம்பர் அனுப்பியிருக்கேன், இன்னும் பதில் காணோம்.